‘அவர் காட்டின இடத்துல தண்ணி வந்துச்சு, அதனால…’ அன்றாட வாதங்களை எடைபோட முழுமையான வழிகாட்டி

வீட்டிலும் டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் நம்மிடம் வந்து சேரும் வாதங்களை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று மதுரையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கும், சில நேரம் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோருக்கும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு அறிவில் குறை ஒன்றும் கிடையாது, வரிசைதான் தப்பிப் போகிறது. எதிரில் இருப்பவர் என்ன சொன்னார் என்று முழுசாக எழுதிப் பார்ப்பதற்குள் சரி, தப்பு என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள், அப்புறம் அந்தத் தீர்ப்புக்குக் காரணம் தேடுகிறார்கள். பட்டிமன்றம் கேட்டே வளர்ந்த ஊர் நம்முடையது, ஜெயிக்கிற மாதிரிப் பேசுவதற்குக் காது பழகியிருக்கிறது. எடைபோடும் வேலையில் எதிரணியே கிடையாது.

ஒரே உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். திருமங்கலம் பக்கம் ஒரு தோட்டம், போர் போட வேண்டும். நிலத்தடியில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று மெஷின் வைத்துப் பார்க்கலாம் என்று யோசனை. சித்தப்பா சொல்கிறார்:

“எதுக்குப்பா மெஷின் வச்சுப் பார்க்குறேன்னு காசைக் கரைக்கிற? பக்கத்துத் தோட்டத்துக்கு நீரோட்டம் பார்த்தவரு தேங்காயைக் கையில வச்சுக்கிட்டு நடந்தாரு. தேங்காய் எந்திரிச்சு நின்ன இடத்துல போட்டாங்க, ரெண்டு இன்ச் தண்ணி. அவரு முப்பது வருஷமா பார்க்குறாரு. உங்க மாமாவும் அவரத்தான் கூப்பிட்டாரு. படிச்சுட்டு வந்தவனுக்கு நம்ம மண்ணைப் பத்தி என்ன தெரியும்? பேசாம அவரையே கூப்பிடு.”

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தாள், ஒரு பேனா, அந்தப் பேச்சு சொன்னபடியே. மூன்றாவதுதான் முக்கியம். “சித்தப்பா மூடநம்பிக்கையா பேசுனாரு” என்று சுருக்கி எழுதிக்கொண்டால் எடைபோட உங்கள் கோபம்தான் மிஞ்சும், அவருடைய வாதம் காணாமல் போயிருக்கும். நினைவில் இருக்கும்போதே வார்த்தை மாறாமல் எழுதிவிடுங்கள், செய்தியாக வந்திருந்தால் அப்படியே நகலெடுங்கள்.

தாளின் மேல் ஓரத்தில் இன்னொன்றும் எழுதுங்கள்: எந்த முடிவு வந்தால் எனக்குப் பிடிக்கும்? காசு மிச்சமாக வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை இருந்தால் சித்தப்பா சொல்வது இனிக்கும், ஊர்ப் பழக்கம் என்றாலே எரிச்சல் வருகிறவருக்கு அதே பேச்சு கசக்கும். இதை முன்கூட்டி எழுதி வைத்தவர்கள் பின்னால் எந்தக் காரணத்தை மட்டும் விரட்டி விரட்டிச் சோதித்தோம், எதைச் சும்மா விட்டோம் என்று தாங்களே கண்டுபிடிக்கிறார்கள்.

1. முதலில், இது வாதம்தானா?

‘ஏன்னா’, ‘அதனால’ என்று வருவதெல்லாம் வாதம் கிடையாது. “வைகையில தண்ணி இல்ல, ஏன்னா மழை பேயல” என்பது விளக்கம். தண்ணீர் இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அதற்குக் காரணம் சொல்கிறார், அவ்வளவுதான். “அணை 69 அடியைத் தொட்டுருச்சு, அதனால ஆத்துக்குள்ள இறங்காதீங்க” என்பது வாதம்: ஒன்றை நம்பவோ செய்யவோ சொல்கிறார், அதற்கு ஆதாரம் தருகிறார்.

விளக்கத்தை வாதம் என்று எடுத்துக்கொண்டு “நிரூபி” என்று நிற்பது புதியவர்கள் நிறையப் பேர் செய்கிற தவறு. திட்டு, புலம்பல், கிண்டல் எல்லாவற்றையும் இந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம். சித்தப்பா பேச்சு வாதம்தான், ஒரு காரியத்தைச் செய்யச் சொல்கிறார்.

2. முடிவை ஒரே வரியில் எழுதுங்கள்

காரணங்களுக்கு முன்னால் முடிவை எழுத வேண்டும். எதற்கான காரணம் என்று தெரியாமல் ஒரு காரணத்தைப் பலமானது, பலவீனமானது என்று சொல்லவே முடியாது. பேச்சில் முடிவு எங்கே வேண்டுமானாலும் ஒளிந்திருக்கும், நம் ஊர்ப் பேச்சில் பெரும்பாலும் கடைசியில் வரும். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ‘அதனால’ போட்டுப் படியுங்கள், எது இயல்பாகப் பொருந்துகிறதோ அது முடிவு.

இங்கே முடிவு: மெஷின் ஆய்வை விட்டுவிட்டு இவரைக் கூப்பிட வேண்டும். பிள்ளைகளிடம் கேட்டால் பாதிப் பேர் “தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பது உண்மை” என்று எழுதுகிறார்கள். சித்தப்பா அவ்வளவு பெரிய முடிவைச் சொல்லவில்லை. நாமாக ஊதிப் பெருக்கிவிட்டு அதை உடைத்தால் உடைந்தது நம்முடைய முடிவு, அவருடையது பத்திரமாக இருக்கிறது.

முடிவின் அளவைக் கவனிக்க கீழடி நல்ல பாடம். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒரு கரி மாதிரியின் காலம் கி.மு. 580 என்று ஆய்வகத்தில் கணிக்கப்பட்டு, தமிழகத் தொல்லியல் துறை அதை 2019-இல் வெளியிட்டது. அந்த அடுக்கில் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்ற முடிவை அது தாங்கும். அதே செய்தி ஃபார்வர்டாகச் சுற்றி வரும்போது “உலகத்தின் முதல் நகரம்” என்று முடிவு மட்டும் பெருத்துவிடுகிறது, ஆதாரம் அதே கரிதான். கீழடி நமக்கு எவ்வளவு பெருமையோ அவ்வளவு கவனம் இங்கே தேவை. ‘எல்லாம்’, ‘எப்பவும்’, ‘முதல்’, ‘மட்டும்’ போன்ற சொற்களை முடிவில் பார்த்தால் அடிக்கோடு போடுங்கள்.

3. காரணங்களை எண் போட்டு எழுதுங்கள்

ஒன்று, பக்கத்துத் தோட்டத்தில் அவர் காட்டிய இடத்தில் ரெண்டு இன்ச் தண்ணீர் வந்தது. இரண்டு, அவருக்கு முப்பது வருஷ அனுபவம். மூன்று, மாமாவும் அவரைக் கூப்பிட்டார். நான்கு, படித்து வந்தவர்களுக்கு நம் மண்ணைத் தெரியாது. ஐந்து, மெஷின் ஆய்வுக்குச் செலவாகும். ஐந்தாவது பேச்சின் தொடக்கத்தில் கேள்வியாக வந்துவிட்டதால் ஏறக்குறைய எல்லோரும் அதை விட்டுவிடுகிறார்கள். கேள்வி வடிவத்தில் வரும் காரணமும் காரணம்தான்.

அப்புறம், எது தனியாக நிற்கிறது, எது இன்னொன்றின் மேல் சாய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தனித்தனிக் காரணங்கள் பந்தல்கால் மாதிரி, ஒன்றை உருவினாலும் பந்தல் நிற்கலாம். செலவு என்ற காரணம் அப்படித் தனியாக நிற்கிறது, தேங்காயில் ஒன்றும் இல்லை என்று நீங்கள் காட்டிவிட்டாலும் அது விழாது. ஒரு காரணத்தை வீழ்த்தியதும் முழு வாதமும் முடிந்தது என்று எழுந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

4. சொல்லாமல் விட்டதை எழுதுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் சேர்த்தால் ஆகும் நேரத்தை இந்த ஒன்றுக்குக் கொடுக்கலாம். அன்றாடப் பேச்சில் காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவே இருக்கும் பாலத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும் என்று விட்டுவிடுகிறார்கள். ஓட்டை பெரும்பாலும் அந்தப் பாலத்தில்தான் இருக்கும்.

ஒவ்வொரு காரணத்துக்கும் நேராக, “இதிலிருந்து அந்த முடிவுக்குப் போக வேறு எதை நம்பியாக வேண்டும்?” என்று கேளுங்கள். முதல் காரணத்துக்கு மூன்று வருகிறது: அங்கே தண்ணீர் வந்ததற்கு அவர் இடம் காட்டியதுதான் காரணம், வேறு இடத்தில் போட்டிருந்தால் வந்திருக்காது அல்லது குறைவாகத்தான் வந்திருக்கும், அங்கே பலித்தது நம் தோட்டத்திலும் பலிக்கும். இரண்டாவதுக்கு: முப்பது வருஷம் பார்த்தால் கை தேறும். மூன்றாவதுக்கு: மாமா விசாரித்துத்தான் கூப்பிட்டிருப்பார்.

முட்டாள்தனமான ஒன்றை அவர் வாயில் திணிக்காதீர்கள். “அவர் தொட்டதெல்லாம் தண்ணி என்று நம்ப வேண்டும்” என்று எழுதினால் உடைப்பது சுலபம், ஆனால் சித்தப்பா அதை நம்பவில்லை. அவரே ஒத்துக்கொள்ளக்கூடியதில் மிகப் பலமானதை எழுதுங்கள். சோதித்துப் பார்க்க வழி எளிது, அவரிடமே படித்துக் காட்டுங்கள்: “சித்தப்பா, வேற இடத்துல போட்டிருந்தா வந்திருக்காதுன்னுதான சொல்றீங்க?” அவர் “ஆமா” என்று சொன்னால்தான் அடுத்த படி. சில நேரம் “அப்படியும் சொல்லிற முடியாதுப்பா” என்பார், அந்த ஒரு பதிலில் வாதம் பாதி தெளிந்துவிடும்.

மாற்றிப் பாருங்கள், நல்ல வாதமும் பாலத்தை விட்டுவிட்டுத்தான் பேசும். மேலே சொன்ன 69 அடி வாதத்தை எடுங்கள். வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது, அதற்குப் பிறகு வருகிற தண்ணீரை ஆற்றில் திறந்துவிடுவார்கள். அங்கே பாலம் உறுதியானது, எழுதிப் பார்த்தால் இன்னும் தெளிவாகிறது. எழுதுவது எல்லா வாதத்தையும் உடைப்பதற்கு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

5. மூன்று கேள்விகள், இதே வரிசையில்

ஒவ்வொரு காரணத்தையும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: முடிவோடு சம்பந்தம் உண்டா, ஏற்கத்தக்கதா, போதுமா? கனடாவில் தர்க்கம் கற்பித்த ரால்ப் ஜான்சனும் அந்தோணி பிளேரும் 1977-இல் முன்வைத்த அளவுகோல் இது, இன்றும் இதைவிடக் கைக்கு அடக்கமான ஒன்றை நான் பார்க்கவில்லை. சம்பந்தத்தை முதலில் கேட்கச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு காரணம் உண்மையா என்று விசாரிக்க அலைய வேண்டும், போன் போட வேண்டும். சம்பந்தமே இல்லாத ஒன்றுக்காக எதற்கு அலைவது?

முதலில் சம்பந்தம். காரணம் முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டு, அதனால் முடிவு கொஞ்சமாவது நம்பத்தக்கதாகிறதா என்று பாருங்கள். “படிச்சவனுக்கு என்ன தெரியும்” என்பது ஆளைப் பார்த்துச் சொன்னது, மெஷின் காட்டும் அளவு சரியா என்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அதற்காக ஆளைப் பற்றிப் பேசினாலே சம்பந்தமில்லை என்று எழுதிவிடாதீர்கள். “மெஷின் வச்சிருக்கவரு போர் வண்டிக்காரர்கிட்ட கமிஷன் வாங்குறாரு” என்று சொல்லியிருந்தால் அது அந்த ஆளின் பரிந்துரையை நம்பலாமா என்பதோடு நேராகச் சம்பந்தப்பட்டது.

மாமா கூப்பிட்டார் என்பதில் சம்பந்தம் மெல்லியது. மாமாவுக்குத் தண்ணீர் வந்ததா என்று சித்தப்பா சொல்லவே இல்லை பாருங்கள். அனுபவத்தை எடைபோட வேறொரு கேள்வி கேட்க வேண்டும்: தான் சொன்னது பலித்ததா பலிக்கவில்லையா என்று அந்த ஆளுக்குத் தெரியவருகிறதா? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி வாங்குகிறவர் மொட்டைத் தவறாகக் கணித்தால் அன்றைக்கே நஷ்டம், அதனால் முப்பது வருஷத்தில் கை தேறும். இடம் காட்டிவிட்டுத் தட்சணை வாங்கிக்கொண்டு போனவருக்கு, போர் பொய்த்த தோட்டங்களின் கணக்கு வந்து சேருமா? சேராது என்றால் முப்பது வருஷம் என்பது ஒரே வருஷம் முப்பது தடவை.

அடுத்து, ஏற்கத்தக்கதா. ரெண்டு இன்ச் என்று யார் சொன்னது, பார்த்தவரா, பார்த்தவரிடம் கேட்டவரா? எந்த மாதம் பார்த்தது? ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு ரெண்டு இன்ச் ஓடிய போர் சித்திரையில் எவ்வளவு ஓடுகிறது? இந்தக் கேள்விகளை மரியாதையோடு கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை, தோட்டத்துக்காரரே மோட்டாரைப் போட்டுக் காட்டுவார்.

கடைசியாக, போதுமா? இங்கேதான் தாளில் நாலு கட்டம் போட வேண்டும். அவர் காட்டி, தண்ணீர் வந்தது. அவர் காட்டியும் புகைதான் வந்தது. அவர் காட்டாமலே தண்ணீர் வந்தது. அவர் காட்டவும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஊர்ப்பேச்சில் முதல் கட்டம் மட்டும்தான் நடமாடுகிறது. பொய்த்த போரைப் பற்றி யாரும் டீக்கடையில் பெருமையாகப் பேசுவதில்லை, ஆள் வைக்காமல் போட்டுத் தண்ணீர் வந்தால் அது கதையே ஆவதில்லை. மதுரை மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப்பாறை நிலம். மேலே சிதைந்த பாறை அடுக்கிலும் கீழே பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர், அதனால் ஒரு இடத்தில் பொங்கும், கொஞ்சம் தள்ளிப் போட்டால் புழுதி பறக்கும். யாரும் இடம் காட்டாவிட்டாலும் பல போர்களில் தண்ணீர் வரும், பல பொய்க்கும். அப்படிப்பட்ட நிலத்தில் ஒரே ஒரு வெற்றி எவ்வளவு சொல்லும்? கொஞ்சம்தான். மற்ற மூன்று கட்டங்களிலும் எண் விழுந்தால்தான் முதல் கட்டத்துக்கு அர்த்தம்.

இந்தக் கட்டங்களை நிரப்பிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 1987, 1988 ஆண்டுகளில் ஜெர்மனியில் மியூனிக் பக்கம், ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஓடும் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேல்தளத்தில் நடப்பவர் அது எங்கே என்று சொல்ல வேண்டும் என்று சோதித்தார்கள். நீரோட்டம் பார்ப்பவர்களில் தேர்ந்தெடுத்த 43 பேர், மொத்தம் 843 சோதனைகள். பெரும்பாலானவர்களின் விடை குருட்டாம்போக்கில் சொல்வதற்கு மேல் போகவில்லை. நடத்தியவர்கள் மிகச் சிலருக்குத் திறமை இருக்கிறது என்று முடிவு சொன்னார்கள். அதே எண்களை 1999-இல் மறுபடி ஆராய்ந்த ஜிம் என்ரைட் என்ற விஞ்ஞானி, இத்தனை பேரைச் சோதித்தால் தற்செயலாகவே சிலர் அப்படி மேலே தெரிவார்கள் என்று காட்டினார். உங்கள் ஊரில் பெயரெடுத்த ஒருவரைப் பார்க்கும்போதும் அந்தக் கேள்வி நிற்கிறது: எத்தனை பேரில் ஒருவர்?

6. வேறு விளக்கம் தேடுங்கள்

‘இது நடந்தது, இதனால்தான்’ என்று ஒரு வாதம் சொன்னால் அதே சங்கதிக்கு வேறு இரண்டு விளக்கமாவது எழுதுங்கள். தை மாதம் மல்லி விலை எகிறுகிறது, “வியாபாரிங்க பதுக்குறாங்க” என்று பேச்சு வருகிறது. மல்லிகையைப் பதுக்க முடியாது, அன்றைக்கு மொட்டாக விற்காவிட்டால் வாடிவிடும். பனியில் செடி பூப்பது குறைகிறது, தை பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. வரத்துக் குறைவும் தேவைக் கூடுதலும் ஒன்றாக வந்தாலே விலை ஏறும்.

விளக்கங்களை எழுதியதும் நிறுத்திவிடக் கூடாது, எது அவற்றைப் பிரித்துக் காட்டும் என்று கேட்க வேண்டும். பாண்டியன் சபையில் கண்ணகி செய்தது அதைத்தான். கோவலன் கையில் இருந்த சிலம்பு அரசியின் சிலம்பு மாதிரியே இருந்தது என்பது அவன் திருடினான் என்பதற்கும் பொருந்தும், அது அவனுடையதே என்பதற்கும் பொருந்தும், அதனால் அது எதையும் தீர்க்காது. உள்ளே இருக்கும் பரல்தான் தீர்க்கும். அரசியுடையதில் முத்து, உடைத்த சிலம்பில் மாணிக்கம். இரண்டு கதைக்கும் பொருந்துகிற ஆதாரத்தை எவ்வளவு அடுக்கினாலும் அது எந்தப் பக்கத்துக்கும் ஆதாரம் ஆகாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகள் மற்றப் படிகளை வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

7. தர்க்கப் பிழையின் பெயர் இப்போதுதான்

ஆளைத் தாக்குதல், கூட்டத்தைக் காட்டுதல், அவசரப் பொதுமை, முன்னால் நடந்ததையே காரணமாக்குதல் என்று ஒரு பட்டியலைக் கைபேசியில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பேச்சின் முதல் வாக்கியத்திலேயே ஒரு பெயரை ஒட்டிவிட்டால் மீதியை அவர்கள் படிப்பதே இல்லை. ஐந்தாவது படியில் ‘சம்பந்தமில்லை’, ‘போதாது’ என்று எழுதிய இடங்களுக்கு மட்டும் பெயர் வையுங்கள். வைக்காமல் விட்டாலும் ஒன்றும் குறைந்துபோகாது.

8. தீர்ப்பை எழுதுங்கள்

தீர்ப்பு வாதத்தின் மேல்தான், முடிவின் மேல் அல்ல. “இந்தக் காரணங்கள் இந்த முடிவைத் தாங்கவில்லை” என்று எழுதலாம். “அதனால் முடிவு பொய்” என்று எழுதினால் நீங்களே புதிதாக ஒரு வாதம் வைக்கிறீர்கள், அதற்கும் முதல் படியிலிருந்து வேலை செய்ய வேண்டும். மட்டமான காரணம் சொன்னவர் சரியான முடிவைச் சொல்லியிருக்கலாம்.

சித்தப்பா வாதத்துக்கு என் தீர்ப்பு இப்படி இருக்கும்: “இடம் காட்டுவதில் அவர் தேர்ந்தவர் என்பதற்கு ஒரு வெற்றிக் கதை போதாது, அனுபவம், மாமா என்ற இரண்டு காரணங்களும் மெல்லியவை, நான்காவது சம்பந்தமில்லாதது. செலவு என்பது நியாயமான காரணம், ஆனால் பொய்த்த போருக்கு அடிக்கு இத்தனை என்று கொடுக்கும் காசோடு ஒப்பிடாமல் அதை முடிக்க முடியாது.” அதன் கீழே ஒரு வரி கட்டாயம்: எது தெரிந்தால் என் தீர்ப்பு மாறும்? இங்கே, இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் காட்டிய எல்லாப் போர்களின் கணக்கும், காட்டாமல் போட்டவற்றின் கணக்கும்.

அப்புறம் நியாயமாக ஒன்று செய்ய வேண்டும். மெஷின் கொண்டுவருகிறவரிடமும் அதே நாலு கட்டத்தை நீட்டுங்கள். “நீங்க பார்த்துச் சொன்னதுல எத்தனை போர் பொய்த்தது?” என்று கேளுங்கள். தாளின் மேல் ஓரத்தில் எழுதிய உங்கள் ஆசை மெஷின் பக்கம் சாய்ந்திருந்தால், கேட்க மறந்துபோகிற கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

9. திரும்பப் போய்ச் சொல்வது எப்படி

தீர்ப்பை அப்படியே வாசித்துக் காட்டாதீர்கள், பெரியவர்களிடம் அது எடுபடாது, எடுபடவும் வேண்டியதில்லை. உங்கள் தாளில் மிக முக்கியமான ஓட்டை எதுவோ அதை ஒரே கேள்வியாக்கிக் கேளுங்கள். “சித்தப்பா, அவரு காட்டின இடத்துல தண்ணி வராமப் போனது யாருக்காவது உண்டா? விசாரிச்சுப் பார்ப்போமா?” உங்களைவிட ஊரில் ஆள் தெரிந்தவர் அவர்தான். காலியாகக் கிடக்கும் கட்டங்களை நிரப்ப அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்.

10. பழகும் வரிசை

முதல் சில நாட்கள் நாலாவது படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தினமும் காதில் விழும் ஒரு பேச்சை எடுத்து முடிவு, காரணம், சொல்லாமல் விட்டது, இவை மட்டும் எழுதுங்கள், தீர்ப்பு வேண்டாம். அது கைவந்தபிறகு மூன்று கேள்விகளுக்குப் போங்கள். தொடக்கத்தில் அரசியலும் சாதியும் கடவுளும் வேண்டாம், கொதிப்பு அதிகம். ‘எங்க சென்டர்ல படிச்ச இத்தனை பேர் பாஸ்’ என்ற டியூஷன் நோட்டீஸ், ‘இருபது வருஷமா ஏலச்சீட்டு நடத்துறாரு, பயப்படாம சேரு’ என்ற அறிவுரை, இப்படிப்பட்டவை நல்ல பயிற்சி. டியூஷன் நோட்டீஸில் எழுதாமல் விட்ட எண் எது, இருபது வருஷம் நடத்தியது இருபத்தொன்றாவது வருஷத்துக்கு எவ்வளவு உறுதி தரும் என்று எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகு நீங்களே உறுதியாக நம்புகிற ஒன்றை, நீங்கள் வழக்கமாக அதற்குச் சொல்லும் காரணங்களோடு, முதல் படியிலிருந்து எழுதுங்கள். சொல்லாமல் விட்டதை எழுதும் வேலையை மட்டும் அந்த விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரிடம் கொடுங்கள்.